ஏப்ரன் அப்பாவுக்கு, குழந்தைக்கு ஏன் இல்லை?

வாசகர் கேள்விகள். இந்த இதழில் பதில் சொல்பவர், தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் சி.டி. பிரிவில் ரேடியோகிராஃபராகவும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகவும் இருந்து ஓய்வுபெற்ற அம்மையார்.

கேள்வி: என் நான்கு வயது மகள் மாடிப்படியில் உருண்டு விழுந்து, சிறிது நேரம் நினைவில்லாமல் கிடந்தாள். அப்புறம் வாந்தியும் எடுத்தாள். தலைக்கு சி.டி. எடுக்கச் சொன்னார்கள். அவள் அழுததால் என்னையும் உள்ளே நிற்கச் சொல்லி, எனக்குக் கனமான ஈய ஏப்ரன் மாட்டிவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் போடவில்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று முடித்துவிட்டார்கள். ரிப்போர்ட் நார்மல்தான். ஆனால் கவசத்தை நான் போட்டுக்கொண்டு அவளை வெறுமனே படுக்கவைத்தது மனதை அரிக்கிறது.
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: பாப்பா நன்றாக இருக்கிறாள், முதலில் அது போதும் தம்பி. அங்கே நடந்தது சரிதான். ஏன் என்று சொல்லாமல் விட்டதுதான் குறை. வெளியே டோக்கனோடு கூட்டம் நிற்கும்போது அந்த இரண்டு நிமிடம் எங்கள் ஆட்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் நான் இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

சாதாரண எக்ஸ்-ரேயில் கதிரை விடும் குழாய் ஒரே இடத்தில் நிற்கும். சி.டி.யில் அந்தப் பெரிய வளையத்துக்குள், நாங்கள் கேன்ட்ரி என்போம், குழாய் உடம்பைச் சுற்றிச் சுழல்கிறது. இப்போதைய மெஷின்களில் ஒரு சுற்றுக்கு ஒரு நொடிகூட ஆகாது. நெஞ்சுக்கு மேலே ஏப்ரனைப் போர்த்தினால், குழாய் மேஜைக்கு அடியில் போகும்போது வருகிற கதிரை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சரி, சுற்றிலும் சுருட்டிவிடலாம் என்றால், படம் எடுக்கவேண்டிய இடத்தைச் சுருட்டினால் படமே வராது.

படம் எடுக்காத இடத்தை, உங்கள் மகள் விஷயத்தில் வயிற்றை, மூடினால் என்ன லாபம் என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்பொருள். கதிர்க்கற்றையைச் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டித்தான் மெஷின் விடுகிறது; அது தலையில் மட்டும் விழுகிறது. வயிறு வரை வந்து சேருவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் பெரும்பகுதி, தலைக்குள் பட்டுச் சிதறி, கழுத்து, நெஞ்சு என்று உடம்புக்கு உள்ளேயே இறங்கி வருவது. தோலுக்கு மேலே போட்ட ஈயத்தால் அதைத் தடுக்க முடியாது.

உங்கள் நிலைமை வேறு. நீங்கள் கற்றைக்கு வெளியே நிற்கிறீர்கள். பாப்பாவின் தலையில் பட்டுத் தெறிக்கும் கதிர் காற்று வழியாக நேராக உங்கள் முன்பக்கம் வருகிறது. அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் அதில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். தவிர, இந்த ஸ்கேனால் உங்கள் உடம்புக்கு ஒரு பலனும் இல்லை. பலன் இல்லாதவருக்கு ஒரு துளி கதிர்கூட வேண்டாம் என்பதுதான் விதி. இன்னொரு சமயம் அப்படி நிற்க நேர்ந்தால், வளையத்தின் ஓட்டைக்கு நேரே நிற்காமல் அதன் பக்கவாட்டில் ஒட்டி நில்லுங்கள். அந்த இடத்தில் மெஷினின் உடம்பே உங்களை மறைக்கும். கர்ப்பமாக இருக்கும் அம்மாக்களை மட்டும் உள்ளே விடமாட்டோம். அத்தையோ மாமாவோ வரட்டும்.

அளவு எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். தலை சி.டி. ஒன்றுக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் (உடம்புக்கு வரும் கதிரை அளக்கும் அலகு). மண், காற்று, சாப்பாடு, வானம் என்று இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஒரு வருடத்தில் வருவது உலக சராசரியில் 2.4. பூசி மெழுகவும் எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தில் சிறுவயதில் சி.டி. எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. பத்து வயதுக்குள் எடுத்த 10,000 தலை சி.டி.க்கு, அடுத்த பத்தாண்டுகளில் ரத்தப் புற்று ஒன்றும் மூளைக் கட்டி ஒன்றும் கூடுதலாக வரலாம் என்று அதில் கணக்கிட்டார்கள். நினைவு தப்பி வாந்தியும் எடுத்த குழந்தைக்கு, மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் விடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. லேசாக இடித்துக்கொண்டு, அழுது முடித்து, உடனே விளையாடப் போய்விட்ட பிள்ளைக்கு எடுப்பதுதான் வீண். அங்கே சில மணி நேரம் கண்காணித்தாலே பெரும்பாலும் போதும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "குழந்தைக்கான செட்டிங்கில்தானே எடுக்கிறீர்கள்?" பெரியவர்களுக்கு வழக்கமாக வைக்கும் 120 கே.வி. மின்னழுத்தத்தையும் அதற்கேற்ற கரண்ட்டையும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அப்படியே விட்டால் தேவைக்கு மேல் டோஸ் போகும். உடம்பின் அளவுக்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ள வேண்டும். 2008-ல் அமெரிக்காவில் குழந்தை ரேடியாலஜிக்காரர்கள் 'இமேஜ் ஜென்ட்லி' என்று ஓர் இயக்கமே தொடங்கியது இதைச் சொல்லத்தான். இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் செட்டிங்கை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

கேள்வி: மேடம், நான் பி.எஸ்சி. ரேடியாலஜி இரண்டாம் ஆண்டு. இனப்பெருக்க உறுப்புகளுக்குக் கவசம் போடுவது கட்டாயம் என்று பழைய நோட்ஸில் இருக்கிறது. சி.டி.யில் கண்ணுக்கும் மார்புக்கும் பிஸ்மத் ஷீல்டு போடலாம் என்றும் இருக்கிறது. போஸ்டிங்கில் யாருமே போடுவதில்லை. எது சரி?
– மாணவி, சேலம்

பதில்: நோட்ஸ் பழசு, போஸ்டிங் புதுசு. நான் படித்தபோதும் கவசம் போடாவிட்டால் வைவா-வில் மார்க் போய்விடும்.

அந்தப் பழக்கம் 1950-களில் வந்தது. பழ ஈக்களுக்கு எக்ஸ்-ரே கொடுத்தால் அவற்றின் சந்ததியில் மாற்றம் வருகிறது என்று ஹெர்மன் முல்லர் 1927-ல் காட்டியிருந்தார். மனிதரிலும் அப்படி நடக்கும் என்ற பயம் அப்போது நியாயமானதுதான். ஆனால் ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளை இத்தனை காலம் கவனித்தும் அப்படிப்பட்ட பரம்பரைப் பாதிப்பு தெரியவில்லை. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் இனப்பெருக்க உறுப்புகளுக்கு வைத்திருந்த எடைக் காரணியை (ஓர் உறுப்பைக் கதிர் எவ்வளவு பாதிக்கும் என்பதற்கான எண்) 2007-ல் 0.20-லிருந்து 0.08 ஆக இறக்கிவிட்டது. மார்பகத்துக்கு அதே ஆண்டு 0.05-லிருந்து 0.12 ஆக ஏற்றியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுது, தேர்வில் உதவும். கூடவே ஒன்று: பெண் பிள்ளைகளுக்கு சினைப்பை எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து துல்லியமாகச் சொல்ல முடியாது. கவசம் பல சமயம் அதை விட்டுவிட்டு, பார்க்கவேண்டிய இடுப்பெலும்பை மறைத்துவிடும். அப்புறம் ரிப்பீட். ஒன்றுக்கு இரண்டு டோஸ்.

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019 ஏப்ரலில், நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் வழக்கமாகக் கவசம் போடுவதை நிறுத்தலாம் என்று அறிவித்தது. பிரிட்டனில் 2020-ல் இதே திசையில் வழிகாட்டுதல் வந்தது. அமெரிக்காவின் கதிரியல் பாதுகாப்புக் கவுன்சிலும் 2021-ல் வயிறு, இடுப்பு எக்ஸ்-ரேக்கு இதையே சொன்னது.

பிஸ்மத் கதை சுவாரசியமானது. ரப்பர் தாளில் பிஸ்மத் என்ற கனமான உலோகத்தைக் கலந்து மார்பின்மேலோ கண்ணின்மேலோ போடுவார்கள். மேலே இருந்து வரும் கதிரைக் கொஞ்சம் வடிகட்டும், உண்மைதான். குழாய் முதுகுப்பக்கம் போகும்போது என்ன ஆகிறது என்று யோசித்துப் பார். கதிர் முதுகு வழியே நுழைந்து, உடம்பு முழுக்கக் கடந்து, நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய டோஸையெல்லாம் கொடுத்துவிட்டு, டிடெக்டரைத் தொடும் கடைசி நொடியில் பிஸ்மத்தில் மாட்டிக்கொள்கிறது. டோஸ் கொடுத்தாயிற்று, படத்துக்கு வந்து சேரவில்லை. இதைவிட வீண் உண்டா? படத்தில் கோடு கோடாக விழுவது தனி.

இன்னொன்றும் உண்டு. டோபோகிராம், அதாவது ஸ்கேனுக்கு முன் எடுக்கும் வழிகாட்டிப் படம், எடுக்கும்போதே ஷீல்டு மேலே இருந்தால், "இந்த இடம் கனமாக இருக்கிறது" என்று நினைத்து மெஷின் தானாகவே கரண்ட்டை ஏற்றிவிடும். பாதுகாக்கப் போட்டது, கூட்டிக் கொடுக்கும். அதே அளவு குறைப்பை மொத்த கரண்ட்டை இறக்கியே சாதிக்கலாம். குழாய் முன்பக்கம் வரும்போது மட்டும் கரண்ட்டைத் தணிக்கும் வசதியும் பல மெஷின்களில் இருக்கிறது. மேற்சொன்ன அதே சங்கம் 2012-லேயே, பிஸ்மத்துக்குப் பதில் வேறு வழிகளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது.

கண்ணுக்கு என் கை வைத்தியம் கேள். தலை சி.டி.யில் லென்ஸ் கற்றைக்குள் மாட்டினால் ஏறக்குறைய 50 மில்லிகிரே (ஓர் உறுப்பு உள்வாங்கும் கதிரின் அலகு) வாங்கும். நோயாளியின் தாடையை நெஞ்சுப்பக்கம் கொஞ்சம் இறக்கி, ஹெட் ரெஸ்டில் பஞ்சை வைத்து நிறுத்து. மெஷினில் வளையத்தைச் சாய்க்கும் டில்ட் இருந்தால் அதையும் பயன்படுத்து. புருவ மேட்டையும் பிடரியின் அடியையும் சேர்க்கும் கோட்டில் ஸ்லைஸ் ஓடினால் கண் வெளியே நின்றுவிடும். கழுத்தில் அடிபட்டவருக்கு மட்டும் தலையை அசைக்காதே. ஷீல்டு வாங்க பர்ச்சேஸ் ஆர்டர் வேண்டும், இதற்கு ஒரு சுருட்டிய டவல் போதும்.

கேள்வி: என் கணவருக்கு வயிற்றில் சி.டி. எடுத்தோம். ஃபிலிமின் கடைசி ஓரத்தில் ஒரு கட்டத்தில் எண்கள் இருந்தன. மகன் பார்த்துவிட்டு, "மொத்த டி.எல்.பி. 1520 என்று போட்டிருக்கிறது, அதிகம்மா" என்கிறான். உண்மையா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகனுக்கு ஒரு சபாஷ். பலர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. அது டோஸ் ரிப்போர்ட். மெஷின் தன் கணக்கைத் தானே எழுதி வைப்பது. டி.எல்.பி. என்பது ஸ்கேன் நீளம் முழுவதற்கும் மெஷின் விட்ட கதிரின் கணக்கு. பெரியவர்களின் வயிற்று ஸ்கேனுக்கு டி.எல்.பி.யை 0.015-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் வரும். 1520-க்கு 22.8. வயிறும் இடுப்பும் சேர்த்து ஒரு தடவை ஓட்டினால் 8, 10 அளவில் நிற்கும். அப்படியானால் எங்கே கூடியது?

அந்தக் கட்டத்தில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணுங்கள். டோபோகிராம் வரிசையில் சொற்பம்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே அநேகமாக மூன்று வரிசை இருக்கும்: மருந்து போடாமல் ஒரு தடவை, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ரத்தக்குழாயில் ஏறும்போது ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. ஒவ்வொன்றும் ஒரு முழு ஸ்கேன். எதற்காக எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கல்லீரலில் கட்டி என்ற சந்தேகம் என்றால் இந்த மூன்றும் தேவைதான். எந்த ஓட்டத்தில் கட்டி மின்னுகிறது, எதில் மங்குகிறது என்பதை வைத்துத்தான் டாக்டர் பெயர் சொல்கிறார். குடல்வால் வீக்கமா என்று பார்க்க மட்டும் என்றால் ஒன்றே போதுமானது. சிறுநீரகக் கல்லுக்குக் கான்ட்ராஸ்டே வேண்டாம், குறைந்த டோஸில் ஒரே ஓட்டம். எங்கள் பக்கம் கோடை வந்தால் கல் கேஸ் வரிசையில் நிற்கும். வருடாவருடம் அதே ஆட்கள், வருடாவருடம் முழு டோஸ். அவர்களில் பலருக்கு அல்ட்ராசவுண்டே போதும்.

நோயாளியின் டோஸ் உண்மையில் குறைவது இந்த இடத்தில்தான். ஒரு ஃபேஸை, அதாவது ஓர் ஓட்டத்தை, குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. எந்தக் கவசமும் இதன் பக்கத்தில்கூட வராது.

அடுத்தது ஸ்கேன் நீளம். நுரையீரலுக்கு எழுதிக்கொடுத்தால், "எதற்கும் இருக்கட்டும்" என்று சிறுநீரகம் வரை இழுத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இன்னொன்று மேஜையின் உயரம். இதை வெளியாட்கள் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆளைப் படுக்கவைத்ததும் உடம்பின் பக்கவாட்டில் லேசர் கோடு ஒன்று விழும். அது உடம்பின் சரிபாதியில் ஓட வேண்டும். அவசரத்தில் சில சென்டிமீட்டர் தவறவிட்டால், ஆள் வளையத்தின் மையத்தைவிட்டு இறங்கியோ ஏறியோ விடுவார். குழாய்க்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், ஆள் நடுவில் இருக்கிறார் என்று நம்பி வடிவமைத்தது. டோபோகிராமிலும் குழாய்ப்பக்கம் நெருங்கியவர் பெருத்துத் தெரிவார். பெருத்தவர் என்று மெஷின் கரண்ட்டைக் கூட்டும். புதிதாக வந்த பையன்கள் ஏப்ரனை எடுக்க ஓடும்போதெல்லாம், "அதை விடுப்பா, முதலில் மேஜையைப் பார்" என்று நான் கத்துவது வழக்கம்.

உங்கள் கணவரின் சி.டி. ஃபிலிமையும் அந்தக் கட்டத்தையும் பத்திரமாக வையுங்கள். டாக்டரை மாற்றினால் ஃபிலிமை மட்டும் கொண்டுபோகாமல், படங்கள் உள்ள டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். ஃபிலிமில் தெரியவில்லை, மறுபடி எடுங்கள் என்பது நிறைய நடக்கிறது.

கேள்வி: என் தங்கைக்கு நெஞ்சில் சி.டி. எடுத்தோம். பத்து நாள் கழித்துத்தான் அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. வயிற்றுக்கு ஏப்ரன்கூடப் போடவில்லை. மாமியார் வீட்டில் கலைத்துவிடலாம் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கலைக்க வேண்டாம். இதை முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நெஞ்சு சி.டி.யில் கற்றை கருப்பையைத் தொடுவதே இல்லை. சிதறி வருவது ஒரு மில்லிகிரேக்கும் குறைவு. கர்ப்பகாலம் முழுக்க இயற்கையிலிருந்தே சிசுவுக்குச் சுமார் ஒரு மில்லிகிரே வந்துவிடும். வயிறு, இடுப்பு சி.டி. எடுத்திருந்தால்கூட ஒரு ஓட்டத்துக்கு 10 முதல் 25 வரைதான் இருக்கும். 100 மில்லிகிரேக்குக் கீழே கர்ப்பத்தைக் கலைக்கக் கதிர்வீச்சை ஒரு காரணமாகக் கொள்ள முடியாது என்று சர்வதேச ஆணையம் 2000-லேயே எழுதிவிட்டது. ஏப்ரன் போட்டிருந்தாலும் கணக்கு பெரிதாக மாறியிருக்காது. காரணம் மேலே விருதுநகர் தம்பிக்குச் சொன்னதுதான். டோஸ் ரிப்போர்ட்டோடு மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் அடங்குவார்.

கேள்வி: ஒரு சி.டி. எடுத்தால் முந்நூறு எக்ஸ்-ரே எடுத்ததற்குச் சமம் என்று கொரோனா காலத்தில் சொன்னார்களே?
– ஆசிரியர், ஈரோடு

பதில்: 2021 மே மாதம் டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, 300 முதல் 400 என்று சொன்னார். ரேடியாலஜி மருத்துவர்கள் சங்கம் உடனே மறுத்தது. எதை எதால் வகுக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். வழக்கமான நெஞ்சு சி.டி.யை 7 மில்லிசீவர்ட் என்றும், நெஞ்சு எக்ஸ்-ரேயை 0.02 என்றும் வைத்தால் 350 வரும். எக்ஸ்-ரேயை 0.1 என்று வைத்தால் 70. குறைந்த டோஸ் சி.டி. 1.5 என்றால் இன்னும் இறங்கும். எண்ணில் சண்டை இருந்தாலும் அவர் சொன்ன அறிவுரையில் தவறில்லை. லேசான காய்ச்சலோடு நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த மாதங்களில் சி.டி.க்கு வரிசையில் நின்றார்கள், மூன்று நாளில் மறுபடியும் வந்தார்கள். டாக்டர் சீட்டுகூட இல்லாமல்!

கேள்வி: ஸ்கேன் எடுத்தபின் உடம்பில் தங்கும் கதிர்வீச்சு இறங்க மஞ்சள் பால், மோர் எது நல்லது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: லைட்டை அணைத்தபிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லை, இதுவும் அப்படித்தான். உடம்பில் எதுவும் தங்கவில்லை, இறக்கவும் ஒன்றுமில்லை. கான்ட்ராஸ்ட் ஊசியும் அயோடின் மருந்துதான், அதில் கதிர்வீச்சு கிடையாது. அது சிறுநீரில் போக நிறையத் தண்ணீர் குடியுங்கள், டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் தவிர. மோர் வெயிலுக்கு நல்லது.

கேள்வி: எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. கடற்கரை மணலிலேயே கதிர்வீச்சு என்கிறார்கள். ஏற்கெனவே இவ்வளவு வாங்கியிருக்கும் நாங்கள் சி.டி.யைத் தவிர்க்க வேண்டுமா?
– மீனவர் குடும்பத்து இளைஞர்

பதில்: உங்கள் மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். மற்ற ஊர்களைவிட உங்களுக்கு இயற்கையாகக் கூடுதல்தான். உங்களைப் போலவே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் வருடக்கணக்காக மக்களைக் கவனித்தார்கள். அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சி.டி. வேண்டுமா இல்லையா என்பதை இன்றைய நோயை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஊரை வைத்தோ பழைய கணக்கை வைத்தோ அல்ல. தேவை என்றால் தயங்காமல் எடுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் ஏப்ரன்கள் நாற்காலிமேல் மடித்துக் கிடக்கின்றன. நோயாளிகளுக்கு வேண்டாம் என்றால், இவற்றைப் பராமரிப்பதும் தேவையில்லைதானே?
– மதுரை

பதில்: நல்லா இருக்கிறதே கதை! நோயாளிக்குத்தான் வேண்டாம் என்றேன், உனக்கு வேண்டும். அறுவை அரங்கில் எக்ஸ்-ரே காட்டும் சி-ஆர்ம் மெஷின் பக்கத்தில் நிற்பவர், ஸ்கேன் அறையில் குழந்தையைப் பிடிப்பவர், வென்டிலேட்டர் நோயாளியோடு உள்ளே இருப்பவர் எல்லோருக்கும் அதுதான் கவசம். மடித்தால் உள்ளே இருக்கும் ஈயத்தாள் மடிப்பில் விரிசல் விடும். வெளித்துணி பளபளவென்று இருக்கும், உள்ளே ஜன்னல். ஏப்ரனை ஃப்ளோரோஸ்கோப்பியில், அதாவது திரையில் நேரடியாகத் தெரியும் எக்ஸ்-ரேயில், வைத்துப் பார்த்தால் விரிசல் வெள்ளைக் கீற்றாகவோ கறுப்புக் கீற்றாகவோ, மெஷினின் செட்டிங்குக்குத் தகுந்தபடி, பளிச்சென்று தெரியும். வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்து, தேதி போட்டு எழுதி வைக்கச் சொல். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தால் உங்கள் பாதுகாப்பு அலுவலரிடம் காட்ட ஏதாவது இருக்கும். தோள் அகலமுள்ள உருட்டுக் கம்பியில் தொங்கவிடுங்கள். நீ வாங்கும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்து. வெளியே குத்தினால் ஏப்ரன் தடுத்ததையும் நீ வாங்கியதாகக் கணக்கு வரும். விரிசல் விட்டதைக் குப்பைத் தொட்டியில் போடாதே, அதில் இருப்பது ஈயம். விற்ற கம்பெனியிடமே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேள்; இல்லையென்றால் ஈயத்தை மறுசுழற்சி செய்ய அனுமதி பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள்.